பழைய கம்பைன் ஹார்வெஸ்டரை தூரத்துல இருந்து கொண்டு வரணும், லோபெட் லாரி பிடிக்கணுமா இல்ல ரோட்டுலயே ஓட்டிட்டு வந்துரலாமா?

300 கிலோமீட்டர் தள்ளி நிக்கிற வண்டியை விலை பேசி முடிச்சாச்சு, லோபெட் (தளம் தாழ்வா இருக்கிற ட்ரெய்லர்) வாடகை கேட்டா தலை சுத்துது, பேசாம ஒரு டிரைவரை போட்டு ஓட்டிட்டு வந்துட்டா என்ன, லாரிதான்னா யாரை நம்பி ஏத்துறது, புரோக்கர் மூலமா போகலாமான்னு கேட்டிருக்கீங்க. 30 கிலோமீட்டர்னா ஓட்டிட்டே வாங்கன்னு சொல்லுவேன், 300க்கு வேண்டாம். இந்த மெஷினெல்லாம் ரோட்டுல 20லிருந்து 40 கிலோமீட்டர் வேகம்தான் போகும், சேத்துல பிடிக்கிறதுக்குன்னு செஞ்ச டயர் தார் ரோட்டுல மணிக்கணக்கா உருண்டா சூடேறி தேஞ்சு போகும், டீசல், டிரைவர் கூலி, பின்னாடி லைட் போட்டுட்டு வர ஒரு வண்டி, ராத்திரி நிறுத்த இடம்னு கூட்டிப் பாருங்க, மிச்சம்னு நினைச்சதுல பெரிய பங்கு அங்கயே போயிரும்.

நான் பழைய விவசாய மெஷின் வாங்கி விக்கிற ஆளு, லாரிக்காரங்களோடதான் பாதிப் பொழுது போகுது. யாரை நம்புறதுக்கு என் கணக்கு ஒன்னுதான், "ஹார்வெஸ்டர் ஏத்தணும்"னு சொன்ன வாய் மூடுறதுக்குள்ள ரேட் சொல்றவரை அப்படியே விட்டுருங்க. வேலை தெரிஞ்சவர் நம்மளை கேள்வி கேட்டே உயிரை எடுப்பார். என்ன மாடல், எடை எவ்ளோ, டயரோட வெளிப்பக்கத்துல இருந்து வெளிப்பக்கம் அகலம் என்ன, ரொம்ப உசரமா நிக்கிறது கேபினா தானிய டேங்க்கா புகைக்குழாயா, முன்னாடி இருக்கிற ஹெட்டரை, அதான் பயிரை அறுக்கிற அகலமான பாகத்தை, கழட்டியாச்சா, தானா ஓடி ஏறுமா வின்ச் போட்டு இழுக்கணுமா, ஏத்துற இடத்துல தரை கெட்டியா இருக்கா, இதெல்லாம் கேட்டுட்டுதான் விலைக்கே வருவார்.

ஏன்னா உசரம்தான் எல்லாத்தையும் முடிவு பண்ணுது. வண்டி 3.8 மீட்டர் இருக்குன்னு வைங்க, சாதாரண ட்ரெய்லர் தளமே தரையில இருந்து ஒன்றரை மீட்டர் கிட்ட, ஆக 5.3 மீட்டர், வழியில எந்த கரண்டு கம்பி எந்த பாலம்னு யோசிச்சுக்கோங்க, அதையே 0.9 மீட்டர் தளம் உள்ள லோபெட்ல ஏத்துனா 4.7ல நிக்கும். அகலமும் அப்படித்தான், நிறைய நாடுகள்ல பர்மிட் இல்லாம போக விடுறது 2.5, 2.6 மீட்டர் வரைக்கும்தான், பெரிய கம்பைன் ஹெட்டரை கழட்டின பிறகும் 3 மீட்டரை தாண்டும். பர்மிட் யார் பேர்ல, யார் எடுக்கிறது, கூடவே எச்சரிக்கைக்கு போற பைலட் வண்டி வேணுமா, அது வாடகைக்குள்ளயா தனியான்னு முதல்லயே பேசிருங்க. "அதெல்லாம் ராத்திரில போயிரலாம் சார்"னு சொன்னா போனை வச்சிருங்க.

ஏத்தும்போது கூட நில்லுங்க. நான் வழக்கமா கூப்பிடுற டிரைவர் ஒருத்தர், வயசானவர், முதல்ல டயர்ல ஒட்டியிருக்கிற சேறை சுரண்ட சொல்லுவார், இரும்பு ராம்ப்புல சேத்து டயர் வழுக்கும். ஏத்தி நிறுத்தி ஹேண்ட் பிரேக் போட்டு நாலு மூலையிலும் தனித்தனி செயின், எல்லாம் ஆக்சில்லயோ சேஸிஸ்ல அதுக்குன்னு இருக்கிற கொக்கியிலயோதான், ஹைட்ராலிக் சிலிண்டர் ராடு மேல செயின் உரச விடவே மாட்டார், அந்த பளபளப்புல ஒரு கீறல் விழுந்தா பின்னாடி சீல் போய் ஆயில் ஒழுக ஆரம்பிச்சிரும். டைட் பண்ணின கைப்பிடி மேல மிச்ச செயினை சுத்தி கட்டிருவார், ஆட்டத்துல தானா திறந்துக்காம இருக்க. கிளம்பி கொஞ்ச தூரத்துலயே நிறுத்தி மறுபடி ஒவ்வொன்னையும் முறுக்குவார், டயர் மேல நிக்கிற வண்டி குலுங்கி உக்காரும்போது செயின் தளரத்தான் செய்யும்.

இன்னொன்னு, இது நிறைய பேருக்கு தெரியாது, டர்போ (புகை வேகத்துல சுத்தி இஞ்சினுக்குள்ள காத்தை தள்ளுற விசிறி) இருக்கிற இஞ்சின்னா புகைக்குழாய் வாயை மூடி கட்டணும். ஓட்டத்துல காத்து உள்ள போய் டர்போவை சுத்த விடும், இஞ்சின் ஆஃப்ல ஆயில் வராதுல்ல, பேரிங் காலி. வண்டியில ஒரு கீறல் கூட இருக்காது, வீட்டுக்கு வந்து ஸ்டார்ட் பண்ணி ஓட்டும்போதுதான் தெரியும், அப்ப யாரை போய் கேக்குறது.

இன்சூரன்ஸ்ல ஏமாந்துராதீங்க. லாரிக்கு இருக்கிற இன்சூரன்ஸ் வேற, மேல ஏத்துற சரக்குக்கு இருக்கிறது வேற. சரக்குக்கான பேப்பரை கண்ணால பாருங்க, அதுல போட்டிருக்கிற தொகை உங்க வண்டி விலைக்கு வருதா, ஏத்தி இறக்கும்போது சாஞ்சா அதுக்கும் சேருமான்னு பாருங்க. ஏத்துறதுக்கு முன்னாடி நாலு பக்கமும் போட்டோ, கேபின் கண்ணாடி, கதவு, எத்தனை மணி நேரம் ஓடியிருக்குன்னு காட்டுற ஹவர் மீட்டர் எல்லாம். இறங்கினதும் சுத்திப் பாத்துட்டு அடி இருந்தா டெலிவரி சீட்டுல எழுதிட்டு அப்புறம் கையெழுத்து போடுங்க, டிரைவர் அவசரப்படுத்துவார், படுத்தட்டும்.

புரோக்கரா நேரா லாரி ஓனரான்னா, நேரா ஓனர். புரோக்கர்தான் கிடைச்சார்னா வரப்போற லாரி எது, டிரைவர் யாருன்னு முன்னாடியே வாங்கிட்டு அவர்கிட்டயே ஒரு தடவை பேசிருங்க, மேல சொன்ன கேள்வியை அவர் கேக்குறாரான்னு பாருங்க. மொத்த வாடகையையும் அட்வான்ஸா முதல்லயே குடுக்காதீங்க.