ஞாயிற்றுக்கிழமைச் சங்கம்: வாசகர் கேள்வி, எமது பதில்

கேள்வி: எழுபதுகளில் எங்கள் தெருவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்த ஆங்கிலோ-இந்தியக் குடும்பம் ஒன்று, மெல்போர்னிலிருந்து எனக்கு எழுதிய கடிதங்களிலெல்லாம், ஞாயிறு மதியம் ‘வி.எஃப்.ஏ.’ ஆட்டம் பார்க்கப் போனதைத் தவறாமல் குறிப்பிடும். இப்போது அங்கே படிக்கப் போயிருக்கும் என் பேரனைக் கேட்டால், “அப்படி ஒரு போட்டியே இங்கே கிடையாது தாத்தா” என்கிறான். யார் சொல்வது உண்மை?
(ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், பெரம்பூர்)

பதில்: இருவர் சொல்வதும் உண்மைதான். அந்த மூன்றெழுத்து விக்டோரியா கால்பந்துச் சங்கத்தைக் குறிக்கும். நாம் ஆடும் கால்பந்து வேறு, அவர்கள் ‘ஃபுட்டி’ என்று செல்லமாக அழைக்கும் ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து வேறு. இந்தச் சங்கம் நடத்தியது இரண்டாவதை. 1877இல் மெல்போர்னில் தொடங்கி, நூறாண்டுகளுக்கும் மேலாக அந்நகரின் பேட்டைகளை ஒன்றோடொன்று மோதவிட்ட சங்கம், 1994ஆம் ஆண்டுப் பருவத்தோடு நிர்வாகத்தைப் பறிகொடுத்தது. 1996இல் பெயரும் போயிற்று. தான் பிறப்பதற்கு முன்பே மறைந்த பெயரை உங்கள் பேரன் அறியாததில் வியப்பில்லை.

தொடக்கத்தில் அது புறநகர்ச் சங்கமாக இருக்கவில்லை. இன்று பெரும்பணத்தில் புரளும் கார்ல்டன், எஸெண்டன், ஜீலாங், மெல்போர்ன் ஆகிய கிளப்புகள் எல்லாம் அதன் மடியில் வளர்ந்தவைதான். வாசலில் வசூலாகும் நுழைவுக் கட்டணத்தைக் கூட்டம் சேர்க்கும் கிளப்பும் சேர்க்காத கிளப்பும் எப்படிப் பங்கிட்டுக்கொள்வது, சங்கத்தில் யார் சொல் செல்லுவது என்ற சச்சரவு முற்றி, 1896 பருவத்தின் முடிவில் வலுவான கிளப்புகள் கைகோத்து வெளியேறின. மேற்சொன்ன நான்கோடு காலிங்வுட், ஃபிட்ஸ்ராய், சவுத் மெல்போர்ன், செயின்ட் கில்டா ஆகியவையும் சேர்ந்து மொத்தம் எட்டு. 1897இல் அவை தொடங்கிய விக்டோரியா கால்பந்து லீக்தான் 1990இல் ஆஸ்திரேலியக் கால்பந்து லீக் என்று பெயர் மாறி, இன்று தேசியப் போட்டியாக நடக்கிறது. உங்கள் பேரன் அறிந்திருப்பது அதை.

சங்கத்தில் மிஞ்சியவை ஃபுட்ஸ்கிரே, நார்த் மெல்போர்ன், போர்ட் மெல்போர்ன், ரிச்மண்ட், வில்லியம்ஸ்டவுன் என்னும் ஐந்தே கிளப்புகள். பெரும்பாலும் துறைமுகத்தையும் தொழிற்சாலைகளையும் நம்பி வாழ்ந்த பகுதிகள். வில்லியம்ஸ்டவுனை ஒட்டிய நியூபோர்ட்டில் விக்டோரியா ரயில்வேயின் மாபெரும் பணிமனை இருந்தது என்று சொன்னால், பெரம்பூர்க்காரரான உங்களுக்கு அந்த ஊரின் காலைச் சங்கொலியும் மாலைக் கூட்டமும் எப்படி இருந்திருக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

கேள்வி: எட்டுப் பெரிய கிளப்புகள் போன பிறகும் அந்தச் சங்கம் எப்படித் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் தாக்குப்பிடித்தது?
(வாசகி, ராயபுரம்)

பதில்: பயிரிட்டுக் கொடுத்தே தாக்குப்பிடித்தது என்று சொல்லலாம். இங்கே ஒரு கிளப் பழுத்தால் லீக் பறித்துக்கொள்ளும். அந்த இடத்தில் சங்கம் மறுபடி நாற்று நடும். 1908இல் ரிச்மண்ட் போயிற்று. அடுத்த பறிப்புதான் பெரியது. 1924இல் சங்கத்தின் சாம்பியனான ஃபுட்ஸ்கிரே, லீக்கின் சாம்பியனான எஸெண்டனோடு ஓர் அறக்கொடை ஆட்டம் ஆடியது. முதல் உலகப் போரில் கைகால் இழந்த வீரர்களுக்காக, பாடகி நெல்லி மெல்பா முன்னின்ற நிதிக்காக நடந்த ஆட்டம் அது. பேட்டை அணிதானே என்று இளக்காரமாகப் பார்த்தவர்கள் வாயடைத்துப்போகும்படி, மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்தில் ஃபுட்ஸ்கிரே வென்றது. சங்கத்தின் நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாற்றில் அதைவிடப் பெருமையான மாலை இருந்ததாக நான் கருதவில்லை. ஆனால் அந்தப் பெருமைக்கான விலையை மறு ஆண்டே செலுத்த வேண்டியிருந்தது. 1925இல் ஃபுட்ஸ்கிரேயையும், கூடவே நார்த் மெல்போர்னையும் ஹாதர்னையும் லீக் சேர்த்துக்கொண்டது.

காலியான இடங்களுக்குக் கோபர்க், பிரெஸ்டன், கேம்பர்வெல், சற்றுப் பின்னால் சாண்ட்ரிங்காம் எனப் புதிய பேட்டைகள் வந்தன. 1896 பிளவுக்குப் பின் மிஞ்சிய ஐந்தில் போர்ட் மெல்போர்னும் வில்லியம்ஸ்டவுனும் மட்டும் கடைசிவரை அசையவில்லை. உங்கள் ராயபுரத்துப் பெரியவர்கள் குத்துச்சண்டைக்காரரைப் பற்றிப் பேசும்போது, அவர் பெயருக்கு முன்பே ‘இன்ன பரம்பரை’ என்று சொல்வார்கள் அல்லவா? போர்ட் மெல்போர்னில் கிளப்புக்கும் வீட்டுக்கும் இருந்த உறவு ஏறக்குறைய அத்தகையது.

கேள்வி: நான் கால்பந்து ஆடுபவன். கையால் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்டத்துக்குக் கால்பந்து என்று பெயர் வைத்தது ஏன்? ஒரு காலத்தில் பந்தை எறியக்கூட அனுமதித்தார்கள் என்கிறார்களே?
(கல்லூரி மாணவர், வியாசர்பாடி)

பதில்: பெயருக்கு நான் பொறுப்பில்லை. கோல் அடிப்பதென்றால் காலால்தான் அடிக்க வேண்டும் என்பதை மட்டும் அவர்கள் சார்பில் சொல்லிவைக்கிறேன். நீள்வட்ட மைதானம், அணிக்குப் பதினெட்டுப் பேர், இரு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள். உதைத்த பந்து நடுக்கம்பங்களுக்கு இடையே போனால் 6 புள்ளி. பக்கத்துக் கம்பங்களுக்கு இடையே போனால் 1 புள்ளி. சக வீரருக்குக் கையால் கொடுக்க வேண்டுமானால், ஒரு கையில் பந்தை ஏந்தி மறு கையின் முட்டியால் குத்தி அனுப்ப வேண்டும், எறிந்தால் தவறு. பந்தோடு ஓடுபவர் 15 மீட்டருக்கு ஒருமுறை அதைத் தரையில் தட்டி எடுக்க வேண்டும்.

இந்தத் தட்டல் எழுத்தில் எளிது. பந்து முட்டை வடிவம். பெரம்பூர் நண்பர் ஒருவர் தம் வீட்டுப் பரணிலிருந்து எடுத்து வந்த பழைய தோல் பந்துக்குக் காற்றடித்து, முல்லை நகர் மைதானத்தில் பையன்களிடம் கொடுத்துப் பார்த்தேன். முதல் பையன் தட்டியது பக்கவாட்டில் சாக்கடைப் பக்கம் ஓடியது; இரண்டாமவன் தட்டியது அவன் தாடையிலேயே வந்து மோதியது. நெடுநேரம் கழித்து, பந்தைச் சாய்வாகப் பிடித்து ஓடும் திசையில் சற்று முன்னே தள்ளித் தட்டினால் கைக்குத் திரும்பும் என்று ஒல்லியான ஒருவன் கண்டுபிடித்தான். அதன் பிறகு அவன் அந்தப் பந்தை யாருக்கும் கொடுக்கவில்லை.

எறிவது பற்றிக் கேட்டீர்கள். 1938இல் சங்கம் துணிந்து செய்த காரியம் அது: தோளுக்குக் கீழிருந்து, இரு கைகளாலும் பந்தை எறியலாம் என்று விதியை மாற்றியது. முட்டியால் குத்தி அனுப்புவதைவிட எறிவது விரைவானது, குறி தப்பாதது. ஆகவே பந்து எங்கும் தேங்காமல் ஓடியது, கோல்கள் குவிந்தன. அதே மூச்சில், லீக்கின் ஒப்புதலைக் கேட்காமலேயே அதன் நட்சத்திரங்களுக்குப் பணம் கொடுத்து இழுக்கவும் சங்கத்துக் கிளப்புகள் தொடங்கின. சவுத் மெல்போர்னின் லாரி நாஷ் கேம்பர்வெல்லுக்கு வந்தார். காலிங்வுட்டின் ரான் டாட் வில்லியம்ஸ்டவுனுக்கு வந்து, 1945 என்ற ஒரே பருவத்தில் 188 கோல் அடித்தார். எத்தனையோ ஆண்டுகள் பறிகொடுத்தே பழகிய சங்கம் திருப்பிப் பறித்த காலம் அது. 1949இல் சமரசம் ஏற்பட்டது. எறியும் விதி கைவிடப்பட்டது. என்னைக் கேட்டால், தன்னுடைய ஆட்டம் லீக்கின் ஆட்டத்திலிருந்து வேறுபட்டது என்று சொல்லிக்கொள்ள இருந்த மிகச் சிறந்த அடையாளத்தை அன்று சங்கம் மேசைமேல் வைத்துவிட்டு எழுந்துவந்தது. 1959இல் அணிக்குப் பதினாறு பேர் என்று குறைத்து வேறொரு தனித்தன்மையைத் தேடிக்கொண்டாலும், எறிபந்தின் கவர்ச்சி அதில் இல்லை.

கேள்வி: இதையெல்லாம் வடசென்னையில் உட்கார்ந்துகொண்டு நாம் தெரிந்துகொண்டு என்ன ஆகப்போகிறது?
(வாசகர், கொருக்குப்பேட்டை)

பதில்: ஒன்றும் ஆகப்போவதில்லை. பெரம்பூர்க்காரர் ஒருவர் கேட்டார், சொல்கிறேன். உங்களுக்காக ஒரு துணுக்கு: ஆஸ்திரேலியாவின் முதல் நீராவி ரயில் பாதை 1854இல் மெல்போர்னிலிருந்து, அப்போது சாண்ட்ரிட்ஜ் என்று அழைக்கப்பட்ட போர்ட் மெல்போர்னுக்குப் போடப்பட்டது. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856இல் ராயபுரத்திலிருந்து புறப்பட்டது. கொருக்குப்பேட்டையில் ரயில்வே கேட் மூடியிருக்கும்போது அசைபோடலாம்.

கேள்வி: மற்ற நாள்களை விட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமையை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? கிறிஸ்தவர்கள் மிகுந்த ஊரில் அது கோயிலுக்குப் போகும் நாள் ஆயிற்றே?
(வாசகி, தண்டையார்பேட்டை)

பதில்: அதனால்தான் அந்த நாள் காலியாகக் கிடந்தது. அன்றைய மெல்போர்னில் ஞாயிறு என்றால் வழிபாடு, மதிய உணவு, உறக்கம் என்றே முடிந்துவிடும். லீக்கின் ஆட்டங்கள் சனிக்கிழமை மதியம் நடந்தன. ஞாயிற்றுக்கிழமை ஆட அதற்கு அரசின் அனுமதி எளிதில் கிடைக்கவில்லை. சனிக்கிழமையன்று லீக்கோடு போட்டியிட்டுத் தோற்பதைவிட ஆளில்லாத நாளில் கடை விரிப்பது மேல் என்று கண்ட சங்கம், 1960இல் ஞாயிறு ஆட்டங்களைத் தொடங்கியது. மறு ஆண்டே கிளப்புகளை இரண்டு பிரிவுகளாக்கி, மேல் பிரிவில் கடைசியாக வருவது கீழே இறங்கவும் கீழ்ப் பிரிவில் முதலாவது மேலேறவும் வழிசெய்தது.

கடிதக்காரர் பார்த்த காட்சியை இனி நீங்கள் கற்பனை செய்துகொள்ளலாம். மைதானத்தைச் சுற்றியுள்ள வேலியை ஒட்டிக் கார்களை வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். குளிர் தாங்காதவர்கள் உள்ளே இருந்தபடியே ஆட்டம் பார்ப்பார்கள். வெள்ளை மேலங்கி அணிந்த கோல் நடுவர் இரண்டு கொடிகளை எடுத்து அசைத்தவுடன் அத்தனை கார்களும் ஹாரன் அடிக்கும். நம் ஊரில் ஹாரன் அடிப்பதற்குக் கோல் தேவைப்படுவதில்லை என்பது ஒன்றே வேறுபாடு.

1967இலிருந்து மெல்போர்னின் ‘0’ என்னும் தொலைக்காட்சி அலைவரிசை இந்த ஆட்டங்களை ஞாயிறுதோறும் நேரடியாக ஒளிபரப்பியதும், பேட்டைச் சங்கம் வரவேற்பறைக்குள் நுழைந்தது. அந்த ஆண்டின் இறுதியாட்டமே ஒரு கூத்து: நடுவரின் தீர்ப்புகளில் வெறுத்துப்போன போர்ட் மெல்போர்ன் கேப்டன், தம் அணியை மைதானத்தைவிட்டே அழைத்துப்போக முயன்றார், கிளப் நிர்வாகிகள் எல்லைக்கோட்டில் நின்று திருப்பி அனுப்பினார்கள். கோப்பை டேண்டினாங்குக்குப் போயிற்று. எழுபதுகளில் போர்ட் மெல்போர்னின் ஃபிரெட் குக் கோல் அடிப்பதைப் பார்ப்பதற்கென்றே கூட்டம் வந்தது. யாராவில், போர்ட் மெல்போர்ன் ஆகிய இரு கிளப்புகளுக்காகவும் அவர் சங்க ஆட்டங்களில் அடித்த கோல்கள் 1,336.

கேள்வி: இவ்வளவு கூட்டம் இருந்தும் ஏன் அழிந்தது?
(ஆசிரியர், திருவொற்றியூர்)

பதில்: ஆட்டத்தின் தரம் தாழ்ந்ததால் அழிந்தது என்று சொல்வோர் உண்டு, நான் ஏற்கமாட்டேன். ஒரு பேட்டைச் சங்கத்துக்குச் சொத்து என்று இருப்பவை மைதானமும் கிழமையும். இரண்டும் அதன் கையைவிட்டுப் போயின.

மைதானத்தில் கைவைத்தது 1964இல் தெரிந்தது. லீக்கைச் சேர்ந்த செயின்ட் கில்டா, தன் பழைய இடத்தைவிட்டு மூராபின் மைதானத்துக்கு வருவதற்கு ஒப்பந்தம் செய்துகொண்டது. அங்கே ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த சங்கத்து மூராபின் கிளப், முந்தைய ஆண்டுதான் முதல் பிரிவுக் கோப்பையை வென்றிருந்தது. அது இந்த ஏற்பாட்டுக்கு உடன்பட்டதால் சங்கம் அதை இடைநீக்கம் செய்தது. சாம்பியனை வீட்டைவிட்டு அனுப்பியது சரியா என்று இன்றும் வாதிடலாம். வேறு வழி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

கிழமை போனது 1982இல். கடனில் தத்தளித்த சவுத் மெல்போர்ன் கிளப்பை லீக் சிட்னிக்கு மாற்றியது. சிட்னியில் ஞாயிற்றுக்கிழமை ஆடத் தடை ஏதும் இல்லை. அந்த ஆட்டங்கள் மெல்போர்ன் வீடுகளுக்கு நேரடியாக வந்தன. அதற்கு முந்தைய பருவத்தோடு 0 அலைவரிசையின் நீண்ட ஒளிபரப்பும் முடிந்திருந்தது. 1980, 1981, 1982 என்று மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து கோப்பையை வென்ற போர்ட் மெல்போர்ன், வரலாற்றிலேயே தன் மிகச் சிறந்த அணியை வைத்துக்கொண்டு, ஆள் குறைந்துவரும் வேலியோரத்தைப் பார்த்தபடி ஆட நேர்ந்தது.

பிறகு நடந்தவை விரைவாகவே நடந்தன. யாராவில், நார்த்கோட், கேம்பர்வெல், பிரன்சுவிக் என்று கிளப்புகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1988க்குப் பின் இரண்டாம் பிரிவு இல்லை. 1994இல் கடைசிக் கோப்பையைச் சாண்ட்ரிங்காம் வென்றது. அந்தப் பருவத்தோடு ஓக்லி, பிரஹ்ரான், டேண்டினாங் ஆகியவை வெளியேற, மாநிலக் கால்பந்து நிர்வாகம் பொறுப்பேற்றது. 1996இல் சூட்டப்பட்ட புதிய பெயர்தான் வேடிக்கை. தேசிய லீக்காக மாறியவர்கள் கழற்றிப்போட்ட ‘விக்டோரியா கால்பந்து லீக்’ என்னும் பெயர், அவர்களால் நூறாண்டு காலம் அலைக்கழிக்கப்பட்ட சங்கத்துக்கே மாட்டிவிடப்பட்டது. 2000இலிருந்து பெரிய கிளப்புகளின் இரண்டாம் நிலை அணிகளும் அதில் ஆடுகின்றன. ஆகவே போட்டி தொடர்கிறது என்று சட்டப்படி வாதிடலாம். கடிதத்தில் வரும் சங்கம் அது இல்லை.

பெரம்பூர் அன்பருக்கு ஒரு சொல்: போர்ட் மெல்போர்னும் வில்லியம்ஸ்டவுனும் இன்றும் ஆடுகின்றன, அதுவும் அதே பழைய மைதானங்களில். உங்கள் பேரனை ஒருமுறை வில்லியம்ஸ்டவுனுக்கு அனுப்பிவையுங்கள். மைதானம் கடலை ஒட்டியது. நமக்கு ஆடிக் காற்று வீசும் மாதத்தில் அங்கே நடுக்குளிர். கம்பளிச் சட்டை இல்லாமல் போக வேண்டாம் என்று சொல்லுங்கள்.