சாம்பாரை விடாதீர்கள், ஆட்டுக்கால் சூப்பை விடுங்கள்

கேள்வி: வயது 52. ராயபுரத்தில் இருக்கிறேன். போன மாதம் நடுராத்திரியில் வலது கால் பெருவிரல் வீங்கி, போர்வை பட்டாலே உயிர்போகும் வலி. யூரிக் அமிலம் 8.9. கௌட் என்று சொல்லி தினமும் போட மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். பருப்பு, தக்காளி, கீரை எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். மூட்டுக்கு நல்லது என்று வீட்டில் ஆட்டுக்கால் சூப் வைத்துத் தருகிறார்கள். நான் என்னதான் சாப்பிடுவது?

பதில்: முதலில் அந்த சூப்பை நிறுத்துங்கள். அக்கறையோடுதான் வைத்துத் தருகிறார்கள், புரிகிறது. ஆனால் உங்களுக்கு இருப்பது தேய்மான வலி இல்லை. யூரிக் அமிலம் மூட்டுக்குள் ஊசி ஊசியாகப் படிந்து வருகிற வலி. பியூரின் என்ற பொருள் உடைந்துதான் இந்த அமிலம் உண்டாகிறது. பியூரின் தண்ணீரில் இறங்கும். கறியைக் கொதிக்கவிட்டால் அதில் நல்ல பங்கு சாற்றுக்கு வந்துவிடும். அதைத்தான் டம்ளரில் ஊற்றிக் குடிக்கிறீர்கள்.

சாம்பாரைத் திரும்பக் கொண்டுவாருங்கள். பருப்பிலும் கீரையிலும் பியூரின் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அமெரிக்காவில் சுமார் 47,000 ஆண்களை 12 ஆண்டுகள் கவனித்து 2004-ல் வெளியான ஆய்வில், கறியும் கடல் உணவும் அதிகம் சாப்பிட்டவர்களுக்குத்தான் கௌட் கூடியது. பியூரின் உள்ள காய்கறிகளால் கூடவில்லை. கொழுப்பு குறைந்த பால், தயிர் சாப்பிட்டவர்களுக்குக் குறைவாகவே வந்தது. தக்காளி சாப்பிட்டதும் உங்களுக்கு வலி வந்ததில்லை என்றால் ரசத்தையும் விட வேண்டாம்.

இட்லி, சோறு, சுரைக்காய் கூட்டு, புடலங்காய் பொரியல் எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். முட்டையில் பியூரின் மிகக் குறைவு. கறி சாப்பிட ஆசை வரும் நாளில் முட்டைக் குழம்பு வைக்கச் சொல்லுங்கள். வெண்டைக்காய் போட்ட மோர்க்குழம்பு உங்களுக்கென்றே செய்தது மாதிரி. தெருமுனைத் தள்ளுவண்டியில் கேழ்வரகுக் கூழ் குடிக்கிறவரா? மோர் ஊற்றிக் குடியுங்கள், நல்லதுதான். தொட்டுக்கொள்ள வெங்காயமோ மாங்காயோ போதும். நெத்திலிக் கருவாடு வேண்டாம்.

ராயபுரத்துக்காரரிடம் மீனை அடியோடு விடச் சொல்ல எனக்கும் மனம் வராது. நெத்திலி, மத்தி, ஈரல், மூளை, குடல் இவற்றை விட்டுவிடுங்கள். வேறு மீன் என்றால் வாரம் ஒருநாள், இரண்டு துண்டு. வலி இருக்கும்போது அதுவும் வேண்டாம். பீர் கூடவே கூடாது. பாட்டில் குளிர்பானத்தின் சர்க்கரையும் யூரிக் அமிலத்தை ஏற்றும்.

சென்னை வெயிலில் உடம்பு வற்றினால் வலி திரும்பும். சிறுநீரகம், இதயம் நன்றாக இருந்தால் நாளுக்கு இரண்டரை லிட்டர் தண்ணீராவது குடியுங்கள். எடை குறைக்க வேண்டுமென்று பட்டினி கிடக்காதீர்கள், அதுவும் வலியைக் கிளப்பும்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். யூரிக் அமிலத்தில் பெரும்பங்கை உடம்பே தயாரிக்கிறது. சாப்பாட்டுக் கட்டுப்பாட்டால் 1 புள்ளி அளவுதான் இறங்கும். நீங்கள் 6-க்குக் கீழே வர வேண்டும், அதற்கு மாத்திரை தேவை. வலி போய்விட்டதே என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். அடுத்த முறை வீக்கத்தோடு காய்ச்சலும் குளிரும் வந்தால் அது மூட்டுக்குள் கிருமித் தொற்றாக இருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.