பி.ஜி.ஏ. என்றால் எந்த பி.ஜி.ஏ.?

கேள்வி: 1946 முதல் 1955 வரை வெளிவந்த உயிர்வேதியியல் கட்டுரைகளைத் தொகுத்துவருகிறேன். சிலவற்றில் ‘பி.ஜி.ஏ.’ ரத்தசோகை மருந்தாக வருகிறது. சிலவற்றில் ஒளிச்சேர்க்கையில் உண்டாகும் பொருளாக வருகிறது. இரண்டும் ஒன்றுதானா?
– ஆய்வு மாணவி, கோவை

பதில்: இல்லை. மருந்தாக வருவது டெராயில்குளுட்டாமிக் அமிலம் (ஆங்கிலத்தில் ஒலிக்காத ‘பி’யில் தொடங்கும்), அதாவது ஃபோலிக் அமிலம். மற்றது பாஸ்போகிளிசரிக் அமிலம். ஒளிச்சேர்க்கையில் கார்பன் போகும் வழியை மெல்வின் கால்வின் குழுவினர் கதிரியக்கக் கார்பன்-14 கொண்டு தேடியபோது முதலில் அகப்பட்ட பொருள் அது.

முதல் பக்க அடிக்குறிப்பைப் பாருங்கள். அக்கால இதழ்கள் பெரும்பாலும் அங்கேதான் சுருக்கங்களை விரித்து எழுதின. நகலெடுக்கும்போது வெட்டுப்படுவதும் அந்த வரிதான். அது இல்லாவிட்டால், எடையும் மைக்ரோமோலும் (மோல் என்ற அளவில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) சேர்ந்து வரும் இடத்தைத் தேடுங்கள். 10 மைக்ரோமோலுக்கு 4.41 மி.கி. என்றால் மூலக்கூறு எடை 441, ஃபோலிக் அமிலம். 1.86 மி.கி. என்றால் 186, பாஸ்போகிளிசரிக் அமிலம். பின்னதைப் பேரியம் உப்பாக எடுத்துவைக்கும் வழக்கம் இருந்ததால், 186 வரவில்லை என்று உடனே தள்ளிவிடாதீர்கள். பேரியத்தையும் படிகநீரையும் சேர்த்து மறுபடி கணக்கிடுங்கள்.

இந்தக் கணக்கு கைவிடும் இடமும் உண்டு. ‘4-அமினோ பி.ஜி.ஏ.’ என்பது அமினோப்டெரின். ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுப்பது அது. 1948-இல் அமெரிக்க மருத்துவர் சிட்னி ஃபார்பர் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுத்தது. அதன் மூலக்கூறு எடை 440. ஒரே ஒரு எண் வித்தியாசத்தை எடையை வைத்துப் பிடிக்க முடியாது. பெயருக்கு முன்னால் நிற்கும் ‘4-அமினோ’வைத் தட்டச்சில் விட்டுவிட்டால் முடிவே தலைகீழாகிவிடும்.

‘லாக்டோபேசில்லஸ் கேசி காரணி’ (அந்தப் பெயருள்ள பாக்டீரியா வளரத் தேவையான பொருள்) என்ற பெயரிலும் கவனம் தேவை. கல்லீரலிலிருந்து எடுத்தது ஃபோலிக் அமிலம்தான். ‘நொதித்தல்’ என்ற அடைமொழியோடு வருவதில் குளுட்டாமிக் அமிலம் மூன்று இருக்கும். மூலக்கூறு எடை ஏறத்தாழ 700. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லப்பிரகட சுப்பாராவ் ஆய்வுத் தலைவராக இருந்த லெடர்லே ஆய்வகத்தில் ஃபோலிக் அமிலம் செயற்கையாக உருவாக்கப்பட்டது 1945-இல். அதற்கு முந்தைய கட்டுரைகளில் ‘ஃபோலிக் அமிலம்’ பல நேரம் தூய பொருளல்ல, கீரையிலோ கல்லீரலிலோ எடுத்த செறிவூட்டிய சாறு. அந்த மில்லிகிராமைப் பின்னாளைய மில்லிகிராமோடு ஒப்பிட வேண்டாம்.

கேள்வி: ‘ஐ.ஏ.ஏ.’ ஒரு கட்டுரையில் தாவர வளர்ச்சியைத் தூண்டுகிறது, இன்னொன்றில் சுவாசத்தையே நிறுத்துகிறது. எது சரி?
– தாவரவியல் ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: இரண்டும் சரி. தூண்டுவது இண்டோல் அசிட்டிக் அமிலம் (பழைய பெயர் ஹெட்டிரோஆக்சின்). நிறுத்துவது அயோடோஅசிட்டிக் அமிலம். செறிவைப் பாருங்கள். முன்னதை மைக்ரோமோலார் அளவில் இடுவார்கள், பின்னதைப் பெரும்பாலும் மில்லிமோலார் அளவில். மூலக்கூறு எடை முறையே 175, 186. அந்த 186 பாஸ்போகிளிசரிக் அமிலத்துக்கும் பொருந்துகிறது, பாருங்கள்! எண்ணை மட்டும் நம்பிப் பெயர் சூட்டக் கூடாது.

கேள்வி: டி.பி.என்., டி.பி.என்.எச். என்பவை இன்று எங்கும் காணோமே? எடைக்குப் பின்னால் ‘காமா’ எழுத்து வருவது ஏன்?
– வாசகர், மதுரை

பதில்: டி.பி.என். இன்றைய என்.ஏ.டி., நொதிகளுக்குத் துணைநிற்கும் பொருள்; எச் சேர்ந்தது அதன் ஒடுக்கிய வடிவம். 1961-இல் நொதி ஆணையம் பெயரை மாற்றச் சொன்னது. பழக்கம் விடாதவர்கள் அதன் பிறகும் பழையபடியே எழுதினார்கள்.

காமா என்றால் மைக்ரோகிராம். வருடிய பக்கத்தை எழுத்தாக மாற்றும் கணினி அதை ஆங்கில ‘ஒய்’ என்று வாசித்துவிடுவதுண்டு. அசல் பக்கத்தோடு ஒப்பிடுங்கள். ‘மி.கி. சதவீதம்’ என்பது 100 மி.லி.யில் அத்தனை மில்லிகிராம்.

பழைய அச்சு அட்டவணைகளில் தேடும்போது இன்னொன்று: வேதியியல் கட்டுரைகளின் சுருக்கங்களை வெளியிட்டுவந்த கெமிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸ் 1972-இல் பல பெயர்களை மாற்றியது. அசெட்டனிலைடு அதற்குப் பின் அசெட்டமைடின் கீழே போய்விட்டது. ஆகவே இரண்டு பெயர்களிலும் தேடுங்கள். ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் தனித்தனியாகத் தரப்படும் சி.ஏ.எஸ். பதிவு எண்கள் 1965-இல்தான் தொடங்கின. பழைய கட்டுரையில் இருக்காது. பொருள் உறுதியான பிறகு உங்கள் பட்டியலில் நீங்களே சேருங்கள்: ஃபோலிக் அமிலம் 59-30-3, அமினோப்டெரின் 54-62-6.