கிரேட்ஃபுல் டெட்: ஒரே பாட்டைப் பிடித்துக்கொண்டு உள்ளே போங்கள்

கேள்வி: அமெரிக்க ராக் குழுவான கிரேட்ஃபுல் டெட்டின் 'அமெரிக்கன் பியூட்டி' ஆல்பம் எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அடுத்து என்ன என்று தேடினால் ஆயிரக்கணக்கில் கச்சேரிப் பதிவுகள் வருகின்றன. ஒன்றைப் போட்டேன். பாட்டு சட்டென்று முடிந்து, கால் மணி நேரம் கிடாரே ஓடியது. எங்கே இருக்கிறோம் என்றே புரியாமல் நிறுத்திவிட்டேன். எதிலிருந்து தொடங்குவது?

பதில்: நிறுத்தியதில் தப்பே இல்லை. நீங்கள் கேட்ட ஆல்பம் 1970-இல் வந்தது. நாட்டுப்புறச் சாயலில், குரல்கள் இழைந்து வரும் சின்னச் சின்னப் பாட்டுகள். மேடையில் இதே குழுவின் பழக்கம் வேறு. 1965 முதல், குழுவின் முதன்மைக் கிடார் கலைஞர் ஜெரி கார்சியா மறைந்த 1995 வரை ஏறத்தாழ 2,300 கச்சேரிகள் செய்தார்கள். நேற்று வாசித்த வரிசை இன்றைக்கு இருக்காது. வரிசை மட்டுமல்ல, அதே பாட்டுமே மறுநாள் வேறு வழியில் போகும்.

அதனால் 'சிறந்த கச்சேரிகள்' பட்டியலை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். ஒரே ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு, அது வருடத்துக்கு வருடம் என்ன ஆகிறது என்று பின்தொடருங்கள். என் தேர்வு 'பிளேயிங் இன் தி பேண்ட்'. இதன் மூல மெட்டு பத்து எண்ணிக்கையில் சுழல்கிறது. முதலில் அதற்கு 'தி மெயின் டென்' என்றே பெயர். விரல் விட்டுப் பத்து எண்ணிப் பாருங்கள், இரண்டு மூன்று சுற்றில் கை பழகிவிடும். பிறகு நீங்கள் தொலைந்துபோக மாட்டீர்கள். குழு எவ்வளவு தூரம் போனாலும் திரும்பி வரும் வீடு அந்தப் பத்துதான்.

முதலில் 1971-இல் வந்த நேரடிக் கச்சேரி ஆல்பத்தில் உள்ளதைக் கேளுங்கள். ஐந்து நிமிடம்கூட இல்லை. அடுத்து 1972 ஆகஸ்ட் 27, ஆரிகன் மாநிலத்தின் வெனீட்டாவில், வெயில் கொளுத்திய ஒரு திறந்தவெளியில் வாசித்தது. பாட்டு இருபது நிமிடத்தை நெருங்கிவிட்டது. 1974 மே 21 சியாட்டில் கச்சேரியிலோ 46 நிமிடம். அதை அவசரப்பட்டு எடுக்காதீர்கள். வெனீட்டா பதிவிலேயே ஒரு வாரம் இருங்கள்.

அந்த இருபது நிமிடத்தை எப்படிக் கேட்பது? கார்சியாவை விட்டுவிடுங்கள், அவர் எப்படியும் காதில் விழுவார். முதல் முறை ஃபில் லெஷின் பேஸ் கிடாரை மட்டும் பிடியுங்கள். அவர் ட்ரம்பெட் வாசித்து, இத்தாலிய இசையமைப்பாளர் லூசியானோ பெரியோவிடம் இசையமைப்புப் படித்தவர். கீழே நின்று பாரம் தாங்குகிற பேஸ் அல்ல அது. கார்சியா மேலே ஏறினால் இவர் எதிர்த்திசையில் இறங்குவார், கேள்வி போடுவார், சில நேரம் இவர்தான் பாதையையே திருப்புவார். (செல்போன் ஸ்பீக்கரில் பேஸ் சரியாகவே கேட்காது, ஹெட்ஃபோன் கட்டாயம்.) அடுத்த முறை இன்னொரு கிடார் கலைஞர் பாப் வியர். தாளத்துக்குக் கிடாரைச் சும்மா சுரண்டிக்கொண்டிருக்க மாட்டார். ஜான் கோல்ட்ரேன் குழுவின் பியானோ கலைஞர் மெக்காய் டைனரின் இடது கையைப் பார்த்துப் பழகியவர். துண்டு துண்டாக, இடைவெளி பார்த்து உள்ளே நுழைவார். மூன்றாம் முறை டிரம்ஸ். அந்தக் காலத்தில் பில் க்ரொய்ட்ஸ்மன் ஒருவர்தான், அதனால் குழு மீன்கூட்டம் மாதிரி சட்டென்று திரும்பும். புதியவர்களை 1972-க்கு அனுப்புவதற்குக் காரணமே இதுதான். நாலாவது முறை எல்லாவற்றையும் சேர்த்துக் கேளுங்கள். 'வெறும் கிடார்' என்று தோன்றியது ஐந்து பேர் பேசிக்கொள்கிற பேச்சாகக் கேட்கும்.

அதன் பிறகு கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1977 மே 8 அன்று நடந்த கச்சேரிக்கு வாருங்கள். 'ஸ்கார்லெட் பெகோனியாஸ்' நிற்காமல் 'ஃபயர் ஆன் தி மவுண்டன்' ஆக மாறும் இடம் அங்கே இருக்கிறது. முதல் பாட்டு முடியவில்லை, இரண்டாவது தொடங்கவும் இல்லை. பேஸில் ஒரு புது வட்டம் மெல்ல உருள ஆரம்பிக்கிறது, கார்டுகள் (ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டுகள்) இரண்டே இரண்டாகச் சுருங்குகின்றன. கார்சியாவின் கிடார் வாயைத் திறந்து மூடிப் பேசுகிற மாதிரி ஒலிக்கும். அது கிடாரின் ஒலியை மாற்றும் ஃபில்டர் பெடல் செய்யும் வேலை. எந்த நொடியில் பாட்டு மாறியது என்று தேடிப் பாருங்கள். நான் எத்தனையோ முறை தேடியிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் கைவைத்தேன்.

பதிவுத் தரம் பற்றி ஒரு வார்த்தை. ரசிகர்கள் பதிவு செய்ய இந்தக் குழுவே அனுமதித்தது. 1984-இல் அவர்களுக்குத் தனி இடமே ஒதுக்கியது. அதனால் ஒரே கச்சேரிக்குப் பல பதிவுகள் இருக்கும். ஆரம்பத்தில் மிக்ஸரிலிருந்து நேரடியாக எடுத்த சவுண்ட்போர்டு பதிவையே தேர்ந்தெடுங்கள். கூட்டத்திலிருந்து எடுத்தவற்றில் அரங்கின் காற்று இருக்கும், அந்த ருசி பின்னால் வரும். குழுவின் ஒலிப்பதிவாளர் பெட்டி கேன்டர்-ஜாக்சன் பதிவு செய்தது என்றால் யோசிக்காமல் போடுங்கள். கார்னெல் பதிவும் அவருடையதுதான்.

கடைசியாக, பிற்காலக் கச்சேரிகளின் இரண்டாம் பாதியில் 'டிரம்ஸ்' என்று ஒரு பகுதி வரும். எல்லோரும் தாண்டிவிடுவார்கள். தாண்டுவதற்கு முன், டிரம்ஸ் கலைஞர்களில் ஒருவரான மிக்கி ஹார்ட் 1991-இல் வெளியிட்ட 'பிளானட் டிரம்' ஆல்பத்தைக் கேளுங்கள். ஜாகிர் உசேன் தபலா வாசிக்க, நம் விக்கு விநாயக்ராம் கடம் வாசித்திருக்கிறார். கிராமி விருது பெற்ற ஆல்பம். அந்தக் கடத்தின் சொற்கட்டு உங்கள் காதுக்கு ஏற்கெனவே தெரிந்த மொழி. அதைக் கேட்டு முடித்த கையோடு எண்பதுகளின் ஒரு 'டிரம்ஸ்' பகுதியைப் போடுங்கள்.