கூலியைக் கேளுங்கள், ஊரைக் கேட்காதீர்கள்

கேள்வி: மலையில் நடக்கும் பெரிய கட்டுமானங்களில் வெல்டிங், ஃபிட்டிங், ஷட்டரிங் எல்லாவற்றுக்கும் ஒப்பந்ததாரர்கள் ஜார்க்கண்ட், ஒடிசா ஆட்களையே கொண்டுவருகிறார்கள். ஐ.டி.ஐ. முடித்த எங்களுக்கு வேலை இல்லை. 2009இல் இங்கிலாந்தில் இத்தாலியரை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்து வென்றார்களே, அதுபோல 'மலை வேலை மலைக்காரனுக்கே' என்று நாங்களும் நின்றால் என்ன?
– பைப் வெல்டர் ஒருவர், குன்னூர்

பதில்: நிற்கலாம். ஆனால் அங்கே வென்றது நீங்கள் எழுதியிருக்கும் முழக்கம் அன்று.

லிங்கன்ஷயரில் உள்ள லிண்ட்சே எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையின் விரிவாக்க வேலையை பிரெஞ்சு எண்ணெய் நிறுவனமான டோட்டல் ஒரு பெரிய ஒப்பந்ததாரரிடம் கொடுத்தது. அவர் அதில் ஒரு பகுதியை இத்தாலிய நிறுவனம் ஒன்றுக்கு உள்ஒப்பந்தமாக விட, அந்த நிறுவனம் தன் ஆட்களையே, இத்தாலியரும் போர்த்துகீசியருமாக, அழைத்துவந்து கிரிம்ஸ்பி துறைமுகத்தில் ஒரு மிதவைக் குடியிருப்பில் தங்கவைத்தது. ஜனவரி இறுதியில் ஆலையில் தொடங்கிய வெளிநடப்பு, சில நாட்களிலேயே ஸ்காட்லாந்து, வேல்ஸ் வரை பல ஆலைகளுக்கும் மின்நிலையங்களுக்கும் பரவியது. வாக்கெடுப்பு நடத்தாமல் செய்ததால் அந்நாட்டுச் சட்டப்படி அது முறையான வேலைநிறுத்தம்கூட அல்ல. 'பிரிட்டிஷ் வேலை பிரிட்டிஷ் தொழிலாளிக்கே' என்று தட்டிகளில் எழுதியிருந்தார்களே, அது 2007இல் பிரதமர் கார்டன் பிரவுன் மேடையில் பேசிய வாசகம். அவர் வாக்கையே அவருக்குத் திருப்பிக் காட்டினார்கள். பத்திரிகைகளும் அதைத்தான் படம் பிடித்தன.

போராட்டக் குழு முன்வைத்த கோரிக்கைகளைப் பத்திரிகைகள் அவ்வளவாகப் படம் பிடிக்கவில்லை. சங்கங்களும் முதலாளிகளும் கூலி பற்றிச் செய்துகொண்ட, தொழிலின் தேசிய ஒப்பந்தம் அங்கே வேலைசெய்யும் எல்லாருக்கும், வந்தவர்களுக்கும் சேர்த்து, பொருந்த வேண்டும். வந்தவர்களையும் சங்கத்தில் சேர்க்க வேண்டும். அவர்களுக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். வேலையற்ற உள்ளூர்த் திறனாளர்களின் பதிவேடு சங்கத்தின் கையில் இருக்க வேண்டும். பிப்ரவரியில் ஏற்பட்ட உடன்பாட்டில் உள்ளூர்க்காரர்களுக்கு 102 இடங்கள் கிடைத்தன. அதற்காக எந்த இத்தாலியரும் திருப்பி அனுப்பப்படவில்லை.

அங்கிருந்த கோளாறு சட்டத்திலேயே இருந்தது. ஸ்வீடனில் பள்ளிக்கூடம் கட்டவந்த லாட்விய நிறுவனம் பற்றிய லாவல் வழக்கில், சட்டம் கட்டாயமாக்கிய குறைந்தபட்சத்துக்கு மேலான நிபந்தனைகளை வெளிநாட்டு ஒப்பந்ததாரர் மீது சங்கம் போராடித் திணிக்க முடியாது என்ற கருத்தில் ஐரோப்பிய நீதிமன்றம் 2007 டிசம்பரில் தீர்ப்பளித்திருந்தது. பிரிட்டனின் தேசிய ஒப்பந்தமோ சட்டக் கட்டாயம் இல்லாதது. வந்தவர்களுக்கும் ஒப்பந்தக் கூலியே கொடுப்பதாக இத்தாலிய நிறுவனம் சொன்னது. சங்கத்தால் அதைச் சரிபார்க்க முடியவில்லை. பிறகு விசாரித்த சமரச அமைப்பு, சட்டமீறலுக்குச் சான்று இல்லை என்று சொல்லிவிட்டது.

நம் நிலைமை சட்டத்தின் அளவில் அதைவிடத் தெளிவாகவே இருந்தது. வெளிமாநிலத் தொழிலாளர் பற்றிய 1979ஆம் ஆண்டுச் சட்டம், ஒரே இடத்தில் ஒரே வேலை செய்தால் உள்ளூர்க்காரரின் கூலியே வந்தவருக்கும் என்றது. அதற்கு மேல் ஆள் எடுக்கும்போது மாதக் கூலியில் பாதியை ஒருமுறை இடப்பெயர்ச்சிப் படியாகவும் கொடுக்கச் சொன்னது. அதன்படி நடந்திருந்தால் வெளியூர் ஆள்தான் ஒப்பந்ததாரருக்குச் செலவு கூடியவராக இருந்திருப்பார். (2020ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அந்தப் படி காணாமல் போனது. அப்போது நாம் யாரும் பெரிதாகக் கூச்சலிடவில்லை.) அவர்கள் மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் அவர்களுடைய ஊர் அன்று, ஊரில் கொடுத்த முன்பணம், மேஸ்திரி பிடிக்கும் பங்கு, தகரக் கொட்டகை வாசம், கையெழுத்து ஓரிடத்திலும் காசு வேறிடத்திலுமாக இருக்கும் கூலிப் பதிவேடு ஆகியவையே.

'மலைக்காரன்' என்பதற்கு நீங்கள் எங்கே கோடு போடுவீர்கள் என்பதும் எனக்கு விளங்கவில்லை. 1964ஆம் ஆண்டு இந்திய–இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே 1968இல் அரசு இம்மலையில் தேயிலைத் தோட்டம் போட்டது. அவர்களைச் 'சிலோன்காரர்' என்று ஒதுக்கிப் பேசிய வாய்களும் இங்கேதான் இருந்தன. அவர்களுடைய பேரப்பிள்ளைகளில் சிலர் உங்களோடு ஐ.டி.ஐ. படித்திருக்கக்கூடும்.

ஆகவே உங்கள் மனுவில் இரண்டு கோரிக்கைகளை எழுதுங்கள்: வெல்டிங் டெஸ்டில் தேறிய உள்ளூர்க்காரர்களின் பட்டியலிலிருந்தும் ஆள் எடுக்க வேண்டும் என்பது ஒன்று, தளத்தில் உள்ள அனைவரின் கூலிப் பதிவேட்டையும் தொழிலாளர் துறை அதிகாரி நேரில் சரிபார்க்க வேண்டும் என்பது மற்றொன்று. கையெழுத்து வாங்கும்போது கொட்டகைக்கும் போங்கள். வெலிங்டன் பக்கம், பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்ற, இந்தி பேசத் தெரிந்த அண்ணன்மார் ஏராளம். ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள்.