109 வீதம் சரி, ஆனா எதின்ர வீதம்?

கேள்வி: சேதன (காபன் சேர்வையால செய்யிற) சோலார் செல்லுக்குள்ள ட்ரிப்லெற் பொருள் போட்டா 109 வீதம் கிடைக்குதாம், அமெரிக்காவில செய்தும் காட்டிப்போட்டினமாம். அப்ப இப்ப கூரையில சிலிக்கன் பனல் போடுறது வீண் செலவு தானே? ஏ.எல் படிக்கிற மகளும் "பொறுங்கோ அப்பா" எண்டுறா. (வாசகர், பருத்தித்துறை)

பதில்: பொறுக்காதேங்கோ, பனலைப் போடுங்கோ. 2022 இல ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டு வந்த நாடு இது.

109 பொய்யில்லை. 2013 இல அமெரிக்காவின்ர எம்.ஐ.டி பல்கலைக்கழக ஆக்கள் பென்ரசீன் எண்ட சேதனப் பொருளில செய்து காட்டினது. ஆனா அது சக்தியின்ர வீதம் இல்லை, குறிப்பிட்ட ஒரு சிவப்பு வெளிச்சத்தில 100 போட்டன் (ஒளித் துணிக்கை) விழ 109 இலத்திரன் வெளியால வந்தது, அவ்வளவு தான். உந்த ஒரு வித்தியாசத்தைச் சொல்லாமல் செய்தி போடுறவையில தான் எனக்குக் கோவம்.

வெளிச்சம் பட்டவுடன இலத்திரனும் துளையும் (இலத்திரன் விட்டிட்டுப் போன வெற்றிடம்) சோடியா ஒட்டிக்கொண்டு நிக்கும், ரெண்டின்ர ஸ்பின் (துணிக்கையின்ர சுழற்சிக் குணம்) எதிரெதிரா இருந்தா சிங்லெற், ஒத்துப்போனா ட்ரிப்லெற். பென்ரசீனில ஒரு சிங்லெற் உடைஞ்சு ரெண்டு ட்ரிப்லெற் ஆகும், ஆனா ஒவ்வொண்டுக்கும் பாதிச் சக்திக்குக் கொஞ்சம் குறைவாத்தான் கிடைக்கும். ஆயிரம் ரூபாய்த் தாளை மாத்தி ரெண்டு ஐஞ்நூறு வாங்கின மாதிரி, தாள் கூடினது, காசு கூடேல்லை. அந்தச் செல்லின்ர வோல்ற்றளவு அரை வோல்ற்றுக்கும் கீழ, மொத்த வினைத்திறன் சிலிக்கனுக்குக் கிட்டவும் வராது.

மகள் கட்டாயம் வாசிக்க வேண்டியது இனித்தான் இருக்கு. மற்றச் சேதனச் செல்களில இதே ட்ரிப்லெற் நட்டத்தைத் தான் தருது. 2019 இல வை6 எண்ட, இலத்திரனை வாங்கிற சேதனப் பொருள் வந்த பிறகு சேதனச் செல் 15 வீதத்தைத் தாண்டி (இது சக்தி வீதம்) இப்ப ஆய்வுகூடத்தில 20 வரைக்கும் வந்திட்டுது, ஆனாலும் வோல்ற்றளவு எதிர்பார்த்த அளவுக்கு வரேல்லை. ஏனெண்டா பிரிஞ்சு போன இலத்திரனும் துளையும் வழியில திரும்பச் சந்திக்கேக்க ஸ்பின் கண்டபடி இருக்கும், நாலில மூண்டு பங்கு ட்ரிப்லெற் பக்கம் விழும், வை6 இன்ர சொந்த ட்ரிப்லெற் நிலை அந்தச் சோடியின்ர சக்திக்கும் கீழ இருக்கிறதால அங்க இறங்கிச்சுதெண்டா திரும்ப ஏறுறது கஷ்டம், வெளிச்சமா வெளியேறவும் ஸ்பின் விடாது, கடைசியில சூடா முடிஞ்சு போகும். பிஎம்6 எண்ட இலத்திரன் குடுக்கிற பொலிமரை வை6 ஓட சேர்த்த கலவையில திரும்பச் சேருற சோடிகளில 90 வீதம் இந்த வழியால தான் போகுது, வோல்ற்றளவில கிட்டத்தட்ட 60 மில்லிவோல்ற்று அதிலயே நட்டம் எண்டு 2021 இல கேம்பிரிட்ஜ் ஆக்கள் காட்டினவை. அந்தச் சோடியின்ர ட்ரிப்லெற் நிலையும் வை6 மாதிரிப் பொருளின்ர சொந்த ட்ரிப்லெற் நிலையும் ஒண்டோடொண்டு கலக்கிற மாதிரி மூலக்கூறை அமைச்சா அந்த இறக்கத்தைத் தடுக்கலாம் எண்டதும் அதே ஆய்வில இருக்கு, எனக்கு அது தான் 109 ஐ விடப் பெரிய செய்தி.

போதாக்குறைக்குப் பென்ரசீன் வெளிச்சமும் காத்தும் சேர்ந்து பட்டா பழுதாகிற சாமான், அதைப் பருத்தித்துறைக் கடற்கரைக் கூரையில எப்பிடி ஏத்திறது?

சிலிக்கனுக்கு எதிரி வந்திட்டுது எண்டு நினைக்கிறதும் பிழை. பென்ரசீன் மாதிரியே சிங்லெற்றை ரெண்டா உடைக்கிற ரெற்ரசீன் எண்ட பொருளின்ர ட்ரிப்லெற் சக்தி 1.25 இலத்திரன்வோல்ற்று (சக்தியின்ர சின்ன அலகு), சிலிக்கனுக்குத் தேவை 1.1, ரெண்டும் பொருந்துது. 2019 இல இடையில மிக மெல்லிய ஒரு படை போட்டு, ரெற்ரசீனில இருந்து சிலிக்கனுக்குள்ள அந்தச் சக்தியைக் கடத்தியும் காட்டினவை. சிலிக்கனைத் தூக்கி எறிய அவை யோசிக்கேல்லை, அதுக்கு மேல பூசத்தான் பாக்கினம்.

யாழ் பல்கலைக்கழகப் பௌதிகவியல் துறையிலயே சோலார் செல் ஆராய்ச்சி நடக்குது. மகளுக்கு ஆசையெண்டா அங்க போய்க் கதைக்கச் சொல்லுங்கோ, நீங்கள் அதுக்கிடையில பனல்காரரைக் கூப்பிடுங்கோ.