தொப்பை, குடல், குழந்தைப்பேறு: வாசகர் கேள்விகளும் டாக்டர் பதில்களும்

என் வீட்டுக்காரருக்கு 36 வயது, 102 கிலோ. கல்யாணமாகி 3 வருஷம். எனக்கு எல்லா டெஸ்ட்டும் எடுத்தாகிவிட்டது, குறை எதுவும் இல்லை. அவர் உடம்புதான் காரணமா, டாக்டர்? – வாசகி, மஞ்சக்குப்பம்

இருக்கலாம். ஆனால் அவருக்கு விந்துப் பரிசோதனை எடுத்ததாக நீங்கள் எழுதவே இல்லையே, அம்மா! குழந்தை தள்ளிப்போகும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆணின் பங்கும் இருக்கிறது. இருந்தும் மனைவியைக் குடைந்து முடித்த பிறகுதான் கணவர் லேப் வாசலை மிதிக்கிறார். வலியே இல்லாத டெஸ்ட் அவருடையதுதான். 2 முதல் 7 நாள் விந்து வெளியேறாமல் இருந்துவிட்டு மாதிரி கொடுத்தால் போதும். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் கீழ்வரம்பு, மில்லிக்கு 1 கோடியே 60 லட்சம் உயிரணுக்கள். அவற்றில் 42 சதவீதமாவது அசைய வேண்டும். குறைவாக வந்தால் பதற வேண்டாம், சில வாரம் கழித்து இன்னொரு தடவை பாருங்கள்.

சரி, உடம்புக்கு வருவோம். தொப்பைக் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. அதிலுள்ள அரோமட்டேஸ் என்ற நொதி, ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைப் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. ஈஸ்ட்ரோஜன் கூடக்கூட, விரைகளை வேலை செய்யச் சொல்லும் ஹார்மோன்களை மூளை குறைத்துக்கொள்கிறது. தொடையிடுக்கில் சேரும் கொழுப்பு விரைப்பையைச் சூடாக்குகிறது. உடம்பைவிட 2 முதல் 4 டிகிரி குளிர்ச்சியாக இருக்க வேண்டிய இடம் அது. அப்புறம், குறட்டை விடுகிறாரா, நடுவில் மூச்சு நின்று திடுக்கிட்டு எழுகிறாரா? அந்த நோயும் டெஸ்டோஸ்டிரோனை இறக்கும்.

இந்திய ஆண்களுக்கு இடுப்பளவு 90 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது. எடை இறங்கினால் ஹார்மோன் பெரும்பாலும் சீராகும். எண்ணிக்கையும் எல்லாருக்கும் ஏறிவிடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டால் தொப்பையும் குறையும், குழந்தையும் தங்கும் என்கிறார் ஜிம் மாஸ்டர். போடலாமா? – வாசகர், வில்லியனூர்

போடவே போடாதீர்கள், தம்பி. வெளியிலிருந்து வந்து குவிந்தால், உள்ளே தயாரிக்கச் சொல்லும் உத்தரவை மூளை நிறுத்திவிடும். ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் ஏகத்துக்கு இருக்கும், விந்தில் உயிரணு பூஜ்யமாகக்கூட ஆகலாம். இதே ஹார்மோன் ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாகப் பயன்படுத்தலாமா என்று உலக சுகாதார நிறுவனமே 1990களில் சோதித்துப் பார்த்தது! ஏற்கெனவே போட்டிருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். நிறுத்தினால் பெரும்பாலோருக்கு உற்பத்தி திரும்பும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும்.

குடலைச் சரிசெய்தால் உயிரணு பெருகும் என்று யூடியூபில் சொல்கிறார்கள். புரோபயாடிக் என்ற நல்ல பாக்டீரியா மாத்திரை வாங்கலாமா? – வாசகர், பண்ருட்டி

அவசரப்பட வேண்டாம். கொழுப்புத் தீனி தின்ற எலிகளின் குடல் பாக்டீரியாவை மற்ற எலிகளுக்கு மாற்றியபோது, அவற்றின் உயிரணு உற்பத்தி குறைந்தது. குடல் சுவர் கசிந்து பாக்டீரியா நச்சு ரத்தத்தில் கலந்து, அழற்சி விரை வரை எட்டுகிறது என்பது விளக்கம். மனிதர்களிடம் நடந்த மாத்திரை ஆய்வுகள் சின்னவை. அதை நம்பிக் காசைக் கொட்டுவதற்கு இல்லை.

நார்ச்சத்துதான் குடல் பாக்டீரியாவுக்குத் தீனி. கீரை, காய், பயறு, கேழ்வரகுக் கூழ், மோர் போதும். பழைய சோறும் நல்லதுதான், ஆனால் சட்டி நிறைய சாப்பிட்டால் அதுவும் சோறுதான். மீனை வறுக்காமல் குழம்பு வையுங்கள். பலாச்சுளையை எண்ணிச் சாப்பிடச் சொன்னால் பண்ருட்டிக்காரருக்குக் கோபம் வரும். சுகர் இருந்தால் எண்ணித்தான் ஆக வேண்டும்.

பெருங்குடல் புண்ணுக்கு சல்ஃபாசலசின் சாப்பிடுகிறேன். பாதிக்குமா? – வாசகர், கடலூர் முதுநகர்

பாதிக்கும். அந்த மருந்து எண்ணிக்கையையும் அசைவையும் குறைக்கும். மாற்றினால் இரண்டு மூன்று மாதத்தில் பழையபடி வரும். நீங்களாக நிறுத்தினால் குடல் நோய் கிளம்பிவிடும். குழந்தைக்கு முயல்கிறோம் என்று குடல் டாக்டரிடம் சொல்லுங்கள், மெசலமின் போன்ற மாற்று இருக்கிறது.

எடை குறைக்க ஆரம்பித்து ஒரு மாதமாகிறது. ரிப்போர்ட் மாறவில்லையே? – வாசகர், அரியாங்குப்பம்

மாறாது. ஒரு உயிரணு உருவாகவே சுமார் 74 நாள், அது முதிர்ந்து வெளிவர இன்னும் கொஞ்ச நாள். மூன்று மாதம் கழித்துப் பாருங்கள். இடையில் கடுங்காய்ச்சல் வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள், அதுவே எண்ணிக்கையை இறக்கும். மனைவிக்கு 35 வயது தாண்டியிருந்தால் எடை குறையட்டும் என்று காத்திராமல், இப்போதே இரண்டு பேரும் சேர்ந்து டாக்டரைப் பாருங்கள்.